மூன்றரை மணி பஸ்ஸில் போன ஜொலிப்பு

நான் காரைக்காலில் ஒரு தினசரிக்கு ஏஜெண்டாகவும் நிருபராகவும் இருந்த காலத்தில், இந்த ஊரில் ஜொலிக்காத பொருள் என்று ஒன்றுகூட இருந்ததில்லை. தேர் ஜொலித்தது. மாதா கோயில் கொடிமரம் ஜொலித்தது. தர்கா கந்தூரிக்குக் கடைத்தெரு ஜொலித்தது. பள்ளி ஆண்டு விழாவில் மாணவிகள் நடனத்தில் ஜொலித்தார்கள், அவர்களுக்குப் பரிசு கொடுக்க வந்த அதிகாரி பேச்சில் ஜொலித்தார். கூட்டுறவுச் சங்கத்துக்கு வெள்ளையடித்தால் கட்டடம் புதுப்பொலிவுடன் ஜொலித்தது. கால்நடை முகாம் ஒன்றில் ஒரு ஜெர்சி மாடு ஜொலித்ததாகவும் எழுதிய ஞாபகம் இருக்கிறது. எல்லாம் என் கைவேலைதான். வேறு யார்மேலும் பழி போட முடியாது.

ஆரம்பத்தில் நான் இப்படி இல்லை. எழுபதுகளின் நடுவில் பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஒரு பத்தடிக் கடையில் பேப்பர் ஏஜென்சி எடுத்தேன். ஏஜெண்டாக இருப்பவரே உள்ளூர்ச் செய்தியும் அனுப்ப வேண்டும் என்பது அந்தக் காலத்து ஏற்பாடு. காலையில் கட்டுப் பிரித்துப் பேப்பர் விற்கிற அதே கைதான் மத்தியானம் பேனா பிடிக்கும். முதல் வருஷம், நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினேன். ‘விழாவில் இருநூறு பேர் கலந்துகொண்டனர்’ என்று எழுதினால், திருச்சி அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த உதவி ஆசிரியர் அதை வெட்டிவிட்டு ‘விழா ஜொலித்தது’ என்று போட்டார். நாலைந்து தடவை பார்த்தேன். அவருக்கு எதற்கு வீண் சிரமம் என்று நானே போட்டு அனுப்ப ஆரம்பித்துவிட்டேன்.

போகப் போக அந்தச் சொல்லின் அருமை எனக்கே புரிந்தது. எண்ணைப் போட்டால் வம்பு. இருநூறு பேர் என்று எழுதினால், ஐந்நூறு பேர் வந்தோமே என்று மறுநாள் காலையில் கடை வாசலில் நாலு பேர் நிற்பார்கள். பெயரைப் போட்டால் விட்டுப்போன பெயர்க்காரர் வந்து சண்டைக்கு நிற்பார். ஜொலித்தது என்று எழுதினால் ஒரு சனியனும் வராது. அதற்கு மறுப்பு அனுப்பியவர் இந்தப் பூமியில் இன்னும் பிறக்கவில்லை. ஒரு தடவை ஒரு கோயில் விழா அன்று சாயங்காலமே கரண்ட் போய், சாமி தீவட்டி வெளிச்சத்தில் புறப்பட்டது. ஆனால் என் செய்தி அதற்கு முன்பே திருச்சி அலுவலகத்துக்கு பஸ் ஏறிவிட்டது. மறுநாள் ‘மின்னொளியில் ஜொலித்தது’ என்று பேப்பரில் வந்தது. இருட்டில் தடவித் தடவி வீட்டுக்குப் போன அதே தர்மகர்த்தா கடைக்கு வந்து, ‘நல்லாப் போட்டிருக்கீங்க’ என்று கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

உண்மையாகவே ஜொலித்த ஒன்றை ஒரே ஒரு தடவைதான் எழுதினேன். ஜூலை பதினாலாம் தேதி பிரெஞ்சுக்காரன் கொண்டாட்டத்துக்கு, அந்த ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் பழைய சிப்பாய்கள், ‘சொல்தா’க்கள், நெஞ்சில் மெடல் குத்திக்கொண்டு வருவார்கள். அதில் ஒரு பெரியவர் மெடலைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டு வந்திருந்தார், வெயில் பட்டுக் கண் கூசியது. ‘மெடல்கள் ஜொலித்தன’ என்று எழுதி அனுப்பினேன். இடமில்லை என்று அந்த வரியை மட்டும் வெட்டிவிட்டார்கள்.

என் வீட்டுக்காரிக்கு இதெல்லாம் நல்ல தமாஷ். “ரசத்துல இன்னைக்கு உப்பு போட மறந்துட்டேன். ரசம் ஜொலித்ததுன்னு எழுதிட்டுச் சாப்பிடுங்க” என்பாள். நான் முறைத்துக்கொண்டே சாப்பிடுவேன்.

இங்கே இன்னொரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். செய்தியை ஒரு நீளக் கவரில் போட்டு ஒட்டி, மூன்றரை மணி திருச்சி பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தால்தான் அது ராத்திரி அச்சுக்குப் போய் மறுநாள் பேப்பரில் வரும். அதை விட்டால் பழைய செய்தி, குப்பைக்கூடை. ஊரில் நடக்கிற எந்த விசேஷமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு முன்னால் ஆரம்பித்ததாகச் சரித்திரம் கிடையாது. அப்புறம் நான் என்ன செய்வேன்? அழைப்பிதழைப் பார்த்து, யார் யார் பேசப் போகிறார்களோ அவர்களெல்லாம் பேசிவிட்டதாக எழுதி பஸ் ஏற்றிவிடுவேன். நிருபர்கள் பலரும் அப்படித்தான் செய்தார்கள். வராத பேச்சாளரைப் பேச வைத்ததற்காக ஒருமுறை மட்டும் திட்டு வாங்கினேன். அதற்குப் பிறகு ‘உள்ளிட்டோர்’ என்று போடக் கற்றுக்கொண்டேன்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு வருஷம், விளையாட்டுப் போட்டி எங்கள் ஊர் மைதானத்தில் நடந்தது. பாண்டிச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் என்று நாலு ஊர்ப் பிள்ளைகளும் கூடுகிற போட்டி. நாலும் ஒரே அரசாங்கம், ஆனால் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போக அடுத்தவன் மாநிலத்தைத் தாண்டியாக வேண்டும். மாஹேக்காரப் பிள்ளைகள் ரயிலும் பஸ்ஸுமாக மாறி மாறி வந்து, கண்ணெல்லாம் சிவந்து போய் இறங்கினார்கள்.

காலையில் போனேன். முன்வரிசையில் ‘பத்திரிகை’ என்று அட்டை குத்திய நாற்காலியில் உட்கார்ந்து கலர் சோடா குடித்தேன். இரண்டு ஓட்டப்பந்தயம் பார்த்தேன். பெண்கள் குண்டு எறிதல் நாலு மணிக்கு என்று நிகழ்ச்சி நிரலில் இருந்தது. என் பஸ் மூன்றரைக்கு. பக்கத்தில் நின்ற பி.டி. மாஸ்டரைக் கேட்டேன்.

“அதுல நம்ம ரொட்டிக்கடைப் பொண்ணை அடிக்க ஆள் கிடையாது சார். கண்ணை மூடிக்கிட்டு எழுதுங்க” என்றார்.

அவர் சொன்னபடியே கண்ணை மூடிக்கொண்டு எழுதினேன். ‘பெண்களுக்கான குண்டு எறிதலில் காரைக்கால் ரொட்டிக் கடைக்காரரின் மகள் ஜொலித்தார். கூடியிருந்தோர் கரவொலி எழுப்பி மகிழ்ந்தனர்.’ கரவொலியும் என்னுடைய சொந்தச் சரக்குதான். கவரை ஒட்டிக் கண்டக்டர் கையில் கொடுத்தேன். அதோடு நிருபர் வேலை முடிந்தது, ஏஜெண்டு கடையைத் திறந்து உட்கார்ந்தான். மைதானத்துப் பக்கம் நான் திரும்பிப் போகவில்லை.

மறுநாள் காலை ரொட்டிக்கடைக்காரர் வந்தார். வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர், அப்போதே ஐம்பதை நெருங்கிய மனுஷன், அதிகம் பேசமாட்டார். பிரெஞ்சுக்காரன் காலத்து விறகு அடுப்பில் ரொட்டி போட்டு வந்தார். அவருடைய நீட்டு ரொட்டிக்கு ஊரில் தனி கிராக்கி. மகள்தான் மாவு பிசைவாள், அந்தக் கைப் பலம்தான் குண்டிலும் தெரியும் என்பார்கள். பத்துப் பேப்பர் வாங்கினார். சூடான ரொட்டி நாலை என் மேஜைமேல் வைத்தார். என்னை ஒரு மாதிரி பார்த்தார், கண் கலங்கியிருந்தது. “நல்லா இருங்க தம்பி” என்றார். எனக்கு இந்த மாதிரி நன்றிகள் பழக்கம். ரொட்டியைப் பிய்த்து டீயில் தொட்டுத் தின்றேன். அந்த வாரமே செய்தியைக் கண்ணாடி போட்டுக் கடையில் மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார்.

மூன்று வருஷம் போயிற்று. எண்பதுகள் பிறந்துவிட்டன. ஒருநாள் அப்பாவும் மகளுமாக என் கடைக்கு வந்தார்கள். மெட்ராஸில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் விளையாட்டு வீரர்களுக்கென்று ஒதுக்கிய கிளார்க் வேலை. விண்ணப்பம் போடப் பதினைந்து நாள்தான் இருந்தது. சான்றிதழ் வேண்டும், இல்லையென்றால் பத்திரிகைச் செய்தியாவது வேண்டும். அந்தப் பெண் அதற்கு முந்தின வருஷம் பாண்டிச்சேரியில் நடந்த போட்டியில் முதலாவதாக வந்திருந்தாள். ஆனால் அந்தப் போட்டி முடிந்த கையோடு விளையாட்டுச் சங்கம் இரண்டாக உடைந்துவிட்டது. இரண்டு செயலாளர்கள், இரண்டு பேரும் நான்தான் செயலாளர் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். ஒருவருக்கும் சான்றிதழ் வந்தபாடில்லை. பேப்பரிலும் வரவில்லை. பாண்டிச்சேரி என் எல்லை இல்லை, அங்கே இருந்த நிருபர் சிறப்பு விருந்தினரை மட்டும் ஜொலிக்க வைத்துச் செய்தியைப் பஸ் ஏற்றியிருந்தார். அவருக்கும் ஒரு மூன்றரை மணி பஸ் இருந்திருக்கும், பாவம்.

“வேலை கிடைக்கலேன்னா தை மாசம் கல்யாணம் தம்பி. நாள்கூட குறிச்சாச்சு” என்றார் அப்பா. “மாப்பிள்ளை வீட்டுல, அந்த இரும்புக் குண்டையெல்லாம் கெணத்துல போட்டுட்டு வரச் சொல்லுறாங்க.”

 மகளின் கையைப் பார்த்தேன். விரல் இடுக்கில் மாவு காய்ந்திருந்தது. கழுத்தோரம், குண்டை அழுத்தி அழுத்தித் தோல் கறுத்துக் காய்த்திருந்தது. அவள் கிணற்றில் போட மாட்டாள் என்று தெரிந்தது. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் போடுவார்கள் என்பதும் தெரிந்தது.

“அதான் உங்க பேப்பர்லயே வந்திருக்கே! அதோட நீங்களும் ஒரு லெட்டர் குடுத்தீங்கன்னா போதும்” என்று அப்பா கண்ணாடிப் படத்தையே கழற்றிக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்.

எனக்கு ஒரே பெருமை. பத்திரிகைப் பெயர் அச்சடித்த தாளை எடுத்தேன். ‘மேற்படி போட்டியில் இவர் குண்டு எறிந்து ஜொலித்ததை நான் நேரில் கண்டேன்’ என்று முத்து முத்தாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்பா அந்தக் கடிதத்தை இரண்டு கையாலும் வாங்கினார். மகள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடக்கமான பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை, நான் பேப்பர்க் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தபோது, அவள் தனியாக வந்தாள். கடிதத்தை மேஜைமேல் வைத்தாள்.

“சார், நீங்க நேர்ல பாத்தீங்களா?”

“பின்னே? முன்வரிசையிலதான உக்காந்திருந்தேன்! என்னமா எறிஞ்ச அன்னைக்கு! ஜொலிச்சேம்மா நீ.”

“மூணும் ஃபவுலு சார்.”

கட்டுப் பிரிப்பதை நிறுத்தினேன்.

“மூணு தடவையும் கால் வட்டத்துக்கு வெளிய போயிருச்சு. நல்ல வேளை, அப்பா அம்மா யாரும் வந்து பாக்கலைன்னு நெனச்சுக்கிட்டு அழுதுகிட்டே வீட்டுக்குப் போனேன். ஜெயிச்சது மாஹே பொண்ணு. மறுநாள் பாத்தா பேப்பர்ல நான் ஜெயிச்ச மாதிரி வந்திருக்கு. அப்பா பத்துப் பேப்பரோட வந்து நிக்கிறாங்க. நான் என்னத்தைச் சொல்றது?”

 மாஹேக்காரர்கள் மலையாளப் பேப்பர் படிக்கிறவர்கள், நம் பேப்பரை அவர்கள் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். அதனால்தான் மறுப்பு வரவில்லை. ஜொலித்தார் என்று எழுதினால் யாரும் மறுப்பு அனுப்ப மாட்டார்கள் என்று இத்தனை வருஷம் மார்தட்டிக்கொண்டு திரிந்தேனே, அதன் லட்சணம் இதுதான்.

“கொஞ்சம் முன்னாடியே கெளம்பிட்டேம்மா” என்று அசடு வழிந்தேன். “சரி, யாருக்குத் தெரியப்போவுது? கொண்டுபோய்க் குடு.”

“அந்தப் பொண்ணும் இதே வேலைக்குப் போட்டிருந்தா? அது கையில அன்னைக்கு வாங்குன சர்டிபிகேட்டு இருக்கும். என் கையில உங்க பேப்பர் இருக்கும். ரெண்டையும் ஒண்ணா வச்சுப் பாத்தா என்ன ஆவும்?”

 பத்தி பத்தியாகச் செய்தி எழுதுகிற எனக்குத் தோன்றாத கேள்வி, மாவு பிசைகிற பெண்ணுக்குத் தோன்றியிருந்தது.

“பாண்டிச்சேரியில நான் எறிஞ்சது ஒம்பது மீட்டர் எழுபத்திரெண்டு. சங்கத்து நோட்டுல இருக்கு. அந்த ஒரு தாளு போதும் சார் எனக்கு. நீங்க பத்திரிகைக்காரங்க, கேட்டாத் தருவாங்க. எனக்கு இவ்வளவு செஞ்சீங்கல்ல, இதையும் செஞ்சு குடுங்க.” கொஞ்சம் நின்று, “அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அந்தப் படத்துக்கு டெய்லி ஊதுவத்தி காட்டுறாங்க” என்றாள்.

அவள் ‘இவ்வளவு செஞ்சீங்கல்ல’ என்று சொன்னதில் குத்தல் இருந்ததா என்று நான் பல நாள் யோசித்துப் பார்த்திருக்கிறேன். இல்லாமல் இருக்காது.

மறுநாள் விடியலில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். “எங்க?” என்றாள் வீட்டுக்காரி. சொன்னேன். “செய்தி நடந்த ஊருக்கே நேர்ல போறீங்களா? மழை வரும், கொடையை எடுத்துக்கிட்டுப் போங்க” என்றாள்.

சிதம்பரம், கடலூர் என்று இடுப்பு ஒடிந்து பாண்டிச்சேரியில் இறங்கினேன். முதல் செயலாளர் ஓர் அரிசிக் கடை மாடியில் இருந்தார். சங்கத்துப் பதிவேடு அவரிடம் இருந்தது, பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாணில் கட்டியிருந்தார். கெஞ்சிக் கேட்டதும் எடுத்து விரித்தார். அந்தப் பெண்ணின் பெயருக்கு நேரே மூன்று கட்டம். முதல் கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி, ஃபவுல். இரண்டாவதில் 9.31. மூன்றாவதில் 9.72. அவ்வளவுதான். ஒரு அலங்காரம் இல்லை, கரவொலி இல்லை.  முதல் தடவை கால் வெளியே போன பிறகு, பழைய மூன்று ஃபவுலும் ஞாபகம் வந்திருக்கும் அல்லவா? அதோடு திரும்பப் போய் வட்டத்துக்குள் நின்று எறிந்திருக்கிறாள். அதைப் பார்க்கக் கொடுத்து வைக்காத கண் என் கண்.

“எழுதித் தர்றேன், ஆனா சீல் அவன்கிட்ட இருக்கே” என்றார் செயலாளர். சீல் இல்லாத தாள் செல்லாது. அந்த ‘அவன்’ இரண்டு தெரு தள்ளி இருந்தார். சங்கத்து ரப்பர் ஸ்டாம்பை ஒரு மணிபர்ஸில் போட்டுச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தார், பீரோவை அவர் நம்பவில்லை. “அவன் கையெழுத்துப் போட்ட தாள்ல என் சீல் விழுமா? செத்தாலும் விழாது” என்றார்.

அதைக் கேட்டதும் முதல் செயலாளரும் மாட்டேன் என்று பதிவேட்டைத் திரும்பப் பீரோவில் பூட்டிவிட்டார். நான் அங்கேயும் இங்கேயுமாக நாலு தடவை நடந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. நியாயம் பேசினேன், பெண்பிள்ளை பாவம் என்றேன், அழாத குறை. இரண்டு பேரும் அசையவில்லை. கடைசியில்தான் எனக்கு மூளை வேலை செய்தது. அடுத்த மாதம் சங்கத்துக்குத் தேர்தல். காரைக்கால் கிளப்புகளின் ஓட்டு இரண்டு பேருக்குமே வேண்டும்.

“அண்ணே, வீரர்களுக்குச் சான்றிதழ் கிடைக்க அயராம பாடுபட்டு ஜொலிக்கிறார்னு காரைக்கால் செய்திப் பக்கத்துல உங்களைப் பத்திப் போட்டுடலாமா?” என்றேன் மெதுவாக, முதல் செயலாளரிடம்.

பீரோ திறந்தது. அதே வாக்கியத்தை இரண்டு தெரு தள்ளிப் போய்ச் சொன்னேன், மணிபர்ஸும் திறந்தது. “அவனைப் பத்தி வர்ற அன்னைக்கே என்னைப் பத்தியும் வரணும். ஒரு வரிகூடக் குறையக் கூடாது” என்றார் சீல்காரர். சத்தியம் செய்து கொடுத்தேன். எந்தச் சொல் அந்தப் பெண்ணைப் பொய்யாக ஜெயிக்க வைத்ததோ, அதையே லஞ்சமாகக் கொடுத்துத்தான் அவள் நிஜமாக ஜெயித்ததற்குத் தாள் வாங்கினேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் திரும்பி வரும்போது அந்தத் தாளைச் சட்டைக்குள் வைத்துக் கையால் அழுத்திக்கொண்டே வந்தேன். அடுத்த வாரம் இரண்டு செயலாளர்களும் ஒரே நாளில், ஒரே பக்கத்தில், வரிக்கு வரி சமமாக ஜொலித்தார்கள்.

அவளுக்கு மெட்ராஸிலிருந்து கடிதம் வந்தது. அங்கே ஒரு மைதானத்தில் எறியச் சொல்லிப் பார்த்தார்களாம், எறிந்தாள். வேலைக்கான உத்தரவு வந்த அன்று, கல்யாணம் வேண்டாமென்று சொல்ல மாப்பிள்ளை வீட்டுக்கு ஆள் போயிற்று. தை மாதத்தில் அவள் மெட்ராஸ் பஸ் ஏறினாள். பஸ் ஸ்டாண்டில் என் கடைக்கு வந்து, “வர்றேன் சார்” என்றாள். குண்டை எங்கே என்று கேட்டேன். தோளில் தொங்கிய பையைத் தட்டிக் காட்டினாள், பை அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டிருந்தது.

அன்றைக்கு உட்கார்ந்து ஒரு செய்தி எழுதினேன். என் வாழ்க்கையிலேயே அப்படி எழுதியதில்லை. பெயர், ஊர், பாண்டிச்சேரி போட்டி, ஒன்பது மீட்டர் எழுபத்திரண்டு சென்டிமீட்டர், கிடைத்த வேலை. ஒரு அடைமொழி கிடையாது. நாலு தடவை படித்துப் பார்த்து, நாலு தடவையும் உண்மையாகவே இருக்கிறது என்று திருப்திப்பட்டு பஸ்ஸில் கொடுத்தேன். மறுநாள் கட்டைப் பிரித்தால் இப்படி வந்திருந்தது: ‘குண்டு எறிதலில் ஜொலித்த காரைக்கால் வீராங்கனை வேலைவாய்ப்பிலும் ஜொலித்தார்.’ மீட்டரையும் காணோம், சென்டிமீட்டரையும் காணோம். திருச்சிக்காரரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பேப்பர் வாங்க வந்தவர் பயந்துபோய் இரண்டடி தள்ளி நின்றார்.

அந்தப் பேப்பரை எடுத்துக்கொண்டு நேரே ரொட்டிக் கடைக்குப் போனேன். அப்பா தனியாக மாவு பிசைந்துகொண்டிருந்தார். மூச்சு வாங்கியது.

“அண்ணே, நம்பரோடதான் எழுதினேன். வெட்டிட்டானுங்க படுபாவிங்க” என்றேன்.

வாங்கிப் படித்தார். சிரித்தார். கையைத் துடைத்துக்கொண்டு, மாதா படத்துக்குப் பக்கத்தில் இருந்த பழைய கண்ணாடிப் படத்தை நிமிர்ந்து பார்த்தார்.

“நம்பரு கெடக்கட்டும் தம்பி. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், பாப்பா இருந்தா சொல்ல முடியாது. அன்னைக்கு நான் கிரவுண்டுக்கு வந்திருந்தேன். நான் நின்னா அதுக்குக் கை நடுங்கும்னு, வேப்பமரத்துக்குப் பின்னால நின்னேன். மூணும் ஃபவுலு. அது அழுதுகிட்டுப் போனதையும் பாத்தேன். இத்தோட விட்டுடும்னுதான் நெனச்சேன்.”

நான் பேப்பரை மடித்தேன். மறுபடி விரித்தேன்.

“மறுநாள் உங்க பேப்பர் வந்துச்சு. அதைப் படிச்சுட்டு ஒரு நாள் பூரா பேசாம கெடந்துச்சு. அடுத்த நாள் விடியக்காலம், மாவு நிறுக்கிற அஞ்சு கிலோ எடைக்கல்லைத் தூக்கிக்கிட்டு அரசலாத்து மணலுக்குப் போயிருச்சு. அன்னையிலேருந்து ஒருநாள் விடலை தம்பி. பொய்யா வந்தத நெசமாக்கிப்புடணும்னு அதுக்கு ஒரு வெறி. எனக்குத் தெரியும்னு அதுக்குத் தெரியாது. நீங்களும் சொல்லிடாதீங்க.”

“சொல்லலண்ணே” என்றேன். அப்பாவிடம் சொல்லாதே என்று மகள் சொன்னது ஏற்கெனவே என்னிடம் இருந்தது. இப்போது மகளிடம் சொல்லாதே என்று அப்பா சொன்னதும் சேர்ந்துகொண்டது.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை மாவாக இருந்தது.

“முன்வரிசையில உங்களுக்கு நாற்காலி போட்டிருந்ததைத் தூரத்துலேருந்து பாத்தேன், நீங்க அதுலதான் இருந்திருப்பீங்க. அத்தனையும் பாத்துட்டு, ‘மூணும் ஃபவுல்’னு நீங்க எழுதியிருந்தா யாரு கேக்க முடியும்? ஒரு கொழந்தை அழுவுதேன்னு மனசு எறங்கி, பாத்ததைப் பாக்காத மாதிரி எழுதுனீங்க பாருங்க. ஒங்க வேலைக்கே ஆபத்தாச்சேன்னு எனக்கு அப்பவே நெஞ்சு அடிச்சுக்கிச்சு. அந்த மனசு யாருக்கு வரும் தம்பி? அதுக்குத்தான் ஊதுவத்தி.”

நாற்காலி இருந்தது. அதில் நான் இல்லை. அந்த நேரத்தில் பஸ் ஸ்டாண்டுக் கடையில் உட்கார்ந்து வாரப் பத்திரிகை பாக்கியை எண்ணிக்கொண்டிருந்தேன் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். பாண்டிச்சேரி வரை போய் வந்தவனுக்கு அந்த ஒரு வாக்கியம் வாயிலிருந்து வரவில்லை.

அவர் அடுப்பிலிருந்து இரண்டு ரொட்டி எடுத்து, நான் கொண்டுபோன பேப்பரிலேயே சுற்றி என் கையில் கொடுத்தார். சூடு கையைச் சுட்டது.

“அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே” என்றேன்.